துணைநூற்பட்டியலும் விசைப்பலகையும்



கவிதை கேட்கக் கூடியிருக்கும் அவையில் துணைநூற்பட்டியலைப் பற்றிப் பேசுவது, விருந்துப் பந்தியில் மளிகைக் கணக்கை வாசிப்பது போன்றது. எனினும் பந்தி நடப்பது அந்தக் கணக்கினால்தான். ஒரு கவிஞரின் முதல் தொகுதி சில நூறு படிகள் அச்சாகிறது, நண்பர்களிடையே பரவுகிறது, பின்னர் ஒரு படியும் கைக்கு எட்டாமற் போகிறது. அப்படியொரு நூல் இருந்தது என்பதற்கு எஞ்சும் சான்று, பெரும்பாலும் யாரோ ஒருவரின் ஆய்வேட்டு இறுதியில் உள்ள ஒற்றை வரியே. அவ்வரி தனக்குரிய இடத்தில் இல்லையாயின், தேடி வருபவர்க்கு அந்நூலும் இல்லை.

உரிய இடம் என்பது அகரவரிசையில் உள்ள இடம். இவ்வரிசை கணிப்பொறி கொண்டுவந்த ஒழுங்கு அன்று. எழுத்துகளின் எல்லையை அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடித்தது தொல்காப்பியம். ஆயினும் எழுத்துக்கு வரிசை இருப்பது வேறு, சொற்களை அவ்வரிசையில் நிறுத்துவது வேறு. பழைய நிகண்டுகள் பொருள்வகையால் தொகுக்கப்பட்டவை. மனப்பாடம் செய்தவர்க்கே அவை வாயில் திறந்தன. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டை இயற்றியபோது சொற்கள் முதலெழுத்தின் வரிசையில் நின்றன. 1732இல் வீரமாமுனிவர் தம் சதுரகராதியில் அடுத்தடுத்த எழுத்துகளையும் வரிசையில் கொணர்ந்தார். முதலெழுத்திலிருந்து இரண்டாம் எழுத்துக்கு வர நூற்றுமுப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. இன்று சொற்செயலியில் அதே பணி ஒரு நொடியில் முடிகிறது. அந்த ஒரு நொடியில் நடப்பது என்ன என்பதைத்தான் ஆய்வாளர் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

ஓர் ஆய்வு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். ஐந்தாண்டு உழைப்பு முடிந்து, ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டது. கையெழுத்துப் படி தட்டச்சகத்தில் இருக்கிறது. இயல்களையெல்லாம் வரிக்கு வரி மெய்ப்புப் பார்த்தவர், பட்டியலுக்கு வரும்போது களைத்துப் போகிறார். முந்நூறு நூல்கள், ஒன்று ஒரு விதமாக, இன்னொன்று வேறு விதமாக. 'அதையெல்லாம் நாங்களே வரிசைப்படுத்தித் தருகிறோம்' என்று தட்டச்சர் சொல்லும்போது அது வரமாகவே தோன்றுகிறது. தட்டச்சரைக் குறை கூற இடமில்லை. அவர் தமக்குத் தெரிந்த விசையை அழுத்துகிறார். மு.வ.வை எந்த எழுத்தில் தேடுவார்கள் என்பது அவர் அறிய வேண்டிய செய்தி அன்று.

1990களில் இவ்வாறு வரிசைப்படுத்தப்பட்ட பட்டியல்கள் எவ்வாறு வந்தன என்பதற்கு ஒரு சான்று போதும். அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. திரையில் தெரிவது தமிழ்; உள்ளே இருப்பது ஆங்கிலம். ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பெருவழக்காக இருந்த பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தெரியும் சொல், கணிப்பொறிக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள் மட்டுமே. இதில் ககரம் எஃப், பகரம் ஜி, தகரம் ஜே, மகரம் கே, அகரம் எம், சகரம் ஆர், வகரம் டி. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசையமைப்பு அப்படியே உள்ளே போனதன் விளைவு இது. வரிசைப்படுத்தும் கட்டளையைத் தந்தால் கந்தசாமி, பழனிசாமி, தங்கராசு, மணி, அருணாசலம், சண்முகம், வள்ளியப்பா என்று பட்டியல் வரும். அகரம் ஐந்தாம் இடத்தில்! கொம்பு முன்னே தட்டச்சாவதால் செல்லப்பா, தெய்வநாயகம், பெரியசாமி ஆகிய மூவரும் தத்தம் எழுத்தை விட்டுக் கொம்பின்கீழ் ஒரே குடும்பமாகி விடுவர். வையாபுரிப்பிள்ளை ஐகாரக் குறியின் வழியே பகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் போய் நிற்பார்.

இதற்கு மேலும் ஒரு கூத்து உண்டு. சொற்றொடரின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது ஆங்கிலத்துக்கெனச் சொற்செயலியில் வைத்த ஏற்பாடு. பாமினியில் சிறிய ஜே தகரம். பெரிய ஜே துகரம். எனவே வரியின் தொடக்கத்தில் தட்டிய 'தமிழ்', தட்டியவர் கையை எடுப்பதற்குள் 'துமிழ்' ஆகிவிடும். துமிழ் இலக்கியம், துமிழ் வரலாறு என்று அச்சேறியவை மெய்ப்புப் பார்ப்பவரின் குறை என்று கருதப்பட்டன. இயந்திரத்தின் உதவி என்று எவரும் ஐயுறவில்லை.

ஒருங்குறி வந்தபின் இத்தொல்லை பெரிதும் தீர்ந்தது. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 வந்த பின்னரே அது மேசைக் கணிப்பொறிகளில் கைவசப்பட்டது. தமிழ்நாடு அரசு 2010இல் அதனை ஏற்றது. ஒருங்குறியில் ககரம் ககரமே; கொம்பு கண்ணுக்கு முன்னே தெரிந்தாலும் உள்ளே மெய்க்குப் பின்னரே பதிவாகிறது. செல்லப்பா சகரத்துக்குத் திரும்பினார்.

ஆனால் முழுவதும் தீரவில்லை. தேவநாகரியை அடியொற்றி வகுத்த அட்டவணையாதலால் ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன் நிற்கிறது. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னே நிற்கிறது. தமிழ் அகராதி மரபில் க் முன்னது, க பின்னது. எண்வரிசையை மட்டும் நோக்கும் நிரல் இதனைத் தலைகீழாக்கும். மொழியறிந்து வரிசைப்படுத்தும் நிரல் சரியாகத் தரும். கையிலுள்ள சொற்செயலி எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிய நான்கு சொற்கள் போதும்: அகத்தியர், அக்கினி, அன்பு, அப்பர். வரிசைப்படுத்தியபின் அக்கினி, அகத்தியர், அப்பர், அன்பு என வந்தால் அது தமிழறிந்த நிரல். இட்ட வரிசையிலேயே நின்றால் அது எண்ணை மட்டும் அறிந்தது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஆல்ட் விசையை அழுத்தி விட்டு, எச், எஸ், ஓ என ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் வரிசைப்படுத்தும் சாளரம் திறக்கும். அதனுள் விருப்பத் தேர்வுகளில் எம்மொழியின் வரிசை என்று கேட்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே தமிழைத் தேர்ந்தபின் இந்நான்கு சொற்களையும் முதலில் ஓட்டிப் பார்ப்பது நலம். முந்நூறு பதிவுகளை ஓட்டிவிட்டுத் திகைப்பதைவிட இது எளிது.

வரிசைப்படுத்தும் முன் செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எட்டு ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத குறிகள் திரையில் தோன்றும். இடைவெளிகள் புள்ளிகளாகவும், பத்தி முடிவுகள் தனிக் குறியாகவும் தெரியும். தட்டச்சுப் பொறியில் பழகிய கை, வரி நிறைந்ததும் என்டர் விசையைத் தட்டும். பட்டியலில் அதனால் நேரும் கேடு பெரிது. ஒவ்வொரு என்டரும் கணிப்பொறிக்கு ஒரு புதிய பதிவு. வரிசைப்படுத்தும்போது பதிவின் முதல் வரி வகரத்துக்கும், அதன் இரண்டாம் வரியான 'சாகித்திய அகாதெமி, புதுதில்லி, 1972' சகரத்துக்கும் போய்விடும். இவ்வாறு ஆசிரியரை இழந்த பதிப்பகங்களும், ஆண்டை இழந்த ஆசிரியர்களும் பல ஆய்வேடுகளில் தனித்தனியே நிற்கக் காணலாம். இது நேர்ந்தால் உடனே கண்ட்ரோலும் இசட்டும். கோப்பைச் சேமித்து மூடிய பின்னர் அதுவும் உதவாது.

என்டர் தட்டும் பழக்கத்துக்குக் காரணம் ஒன்று உண்டு. பட்டியலில் முதல் வரி ஓரத்தில் தொடங்கி அடுத்த வரிகள் சற்று உள்ளே தள்ளி நிற்க வேண்டும். அப்போதுதான் பெயர்கள் கண்ணில் படும். அதற்காகத் தட்டச்சர் என்டரும் ஐந்தாறு இடைவெளிகளும் இடுகிறார். இதற்கென்றே உள்ளது கண்ட்ரோலும் டியும். பட்டியல் முழுவதையும் தெரிவு செய்து ஒருமுறை அழுத்தினால் எல்லாப் பதிவுகளும் அவ்வடிவம் பெறும். உடன் ஷிஃப்டையும் சேர்த்தால் தள்ளியது குறையும். நெடுநாள் தட்டச்சு செய்தவர்களும் இவ்விசையை அறியாதிருப்பது வியப்பு.

அடுத்தது தலையெழுத்து. 'உ. வே.' ஒரு வரியின் இறுதியிலும் 'சாமிநாதையர்' அடுத்த வரியின் முதலிலும் பிரிந்து கிடப்பது தமிழ் அச்சில் அன்றாடக் காட்சி. இடைவெளி விசையோடு கண்ட்ரோலையும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் வருவது பிரியா இடைவெளி. அதன் இருபுறமும் உள்ளவை ஒரே வரியில்தான் நிற்கும். ஒரு கவிஞர்க்கு இதன் அருமை விளங்காமற் போகாது. சீர் பிரியக் கூடாத இடத்தில் பிரிந்தால் என்ன ஆகும் என்று அவர் அறிவார்.

இதுவரை சொன்னவை விரலின் வேலை. இனி வருவது தலையின் வேலை. விசை ஏதும் அதனைத் தீர்ப்பதில்லை.

மேலைநாட்டு மேற்கோள் முறைகள் குடும்பப் பெயரை முன்வைத்து எழுந்தவை. தமிழர்க்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை. முன்னெழுத்து தந்தை பெயருக்கோ ஊருக்கோ உரியது. ஆகவே 'வரதராசன், மு.' என்று பெயரை முன்னும் முன்னெழுத்தைப் பின்னும் நிறுத்தும் மரபு தமிழ் ஆய்வுலகில் நிலைத்தது. இது நல்ல மரபு. ஆனால் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் வேர்டில் உள்ள மேற்கோள் ஏற்பாட்டைப் போன்ற கருவிகள், பெயரை ஒரே தொடராகத் தந்தால் இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளும். 'எஸ். வையாபுரிப் பிள்ளை' என்று பிரித்து எழுதியவர் பட்டியலில் பிள்ளை ஆகிறார். துரைசாமிப் பிள்ளையும் தாமோதரம் பிள்ளையும் அவர் அருகிலேயே வந்து அமர்கின்றனர். தமிழறிஞர்கள் மூவரைச் சாதிப் பட்டத்தின்கீழ் ஒரு வரிசையில் நிறுத்தும் இக்காரியத்தை ஆய்வாளர் எவரும் அறிந்து செய்யார். ஒட்டி எழுதினால், அல்லது பெயருக்குரிய கட்டங்களைத் தாமே நிரப்பினால், இது நேராது.

ஞானக்கூத்தன் என்னும் கவிஞரின் இயற்பெயர் ரங்கநாதன். நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதனுக்கும் அதே பெயர். இப்பெயரை ரங்கநாதன் என்றும், தமிழ் மரபுப்படி அரங்கநாதன் என்றும், இரங்கநாதன் என்றும் எழுதுவோர் உண்டு. ஒரே ஆய்வேட்டில் மூன்றும் வரின் ஒருவரே மூன்று எழுத்துகளில் மூவராவார். நூலின் முகப்பில் ஆசிரியர் தம் பெயரை எவ்வாறு எழுதினாரோ அவ்வாறே கொள்வதுதான் நேர்மை. தனித்தமிழ்ப் பற்று ஆய்வாளரின் உரைநடையில் இருக்கட்டும். அடுத்தவர் பெயரில் வேண்டா. ஜெயகாந்தனைச் செயகாந்தன் என்று மாற்றிச் சகரத்தில் வைத்தால், ஜகரத்தில் தேடி வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார்.

புனைபெயரும் இத்தகையதே. புதுமைப்பித்தனைச் சொ. விருத்தாசலம் என்றும், பாரதிதாசனைக் கனக சுப்புரத்தினம் என்றும் பட்டியலிட்டுத் தம் அறிவைக் காட்டுவோர் உளர். தேடுபவர் புனைபெயரில்தான் தேடுவார். க. நா. சுப்ரமண்யம் போன்றோர் திறத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். கதையும் திறனாய்வும் ஒரு பெயரில், கவிதை மயன் என்ற பெயரில். இங்கே இரண்டு இடத்திலும் பதிவு வேண்டும். ஓரிடத்தில் முழு விவரமும், மற்றோரிடத்தில் 'காண்க' என்ற சுட்டும் போதும்.

கவிஞர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டிய செய்தி ஒன்று. 'கவிஞர்' என்னும் அடையோடு பெயர்களைத் தட்டச்சிட்டால் நாட்டிலுள்ள கவிஞர் அனைவரும் ககரத்தில் குழுமுவர். முனைவர் பட்டம் பெற்றோர் மகரத்தில். இவ்வடைகளை நீக்கக் கண்ட்ரோலும் எச்சும் அழுத்தித் தேடி மாற்றும் சாளரத்தைத் திறப்பர். 'கவிஞர்' என்பதைத் தேடு, அதனிடத்தில் ஒன்றும் இடாதே, எல்லாவற்றையும் மாற்று என்று கட்டளையிட்டால், நூற்பெயர்களில் உள்ள கவிஞர்களும் மறைந்து போவர். பதிவின் தொடக்கத்தில் வருவதை மட்டும் நீக்க ஒரு வழி உண்டு. எண் ஆறின் மேலுள்ள கூரைக்குறியையும் பி என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தையும் 'கவிஞர்' என்பதற்கு முன்னே சேர்த்துத் தேடி, அவ்விரு குறிகளை மட்டும் மாற்றாக இட வேண்டும். அவ்விரண்டும் பத்தி முடிவைக் குறிப்பன. அதனால் பத்தி முடிந்து அடுத்ததாக வரும் 'கவிஞர்' மட்டுமே அகப்படும். பட்டியலின் முதற் பதிவுக்கு முன் பத்தி முடிவு இல்லையாதலால் அதனைக் கையால் திருத்திக்கொள்ள வேண்டும்.

'எல்லாவற்றையும் மாற்று' என்னும் பொத்தானுக்கு அஞ்ச வேண்டிய இடம் இன்னொன்று. ஔவை சு. துரைசாமிப்பிள்ளையின் பெயரில் உள்ள ஔகாரத்தைப் பலர் ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு அவை வேறு. இத்தவற்றால் பட்டியல் வரிசையும் மாறும், தேடலும் பொய்க்கும். அதைத் திருத்த எண்ணி ஒகரளகரத்தையெல்லாம் ஔகாரமாக்கினால் 'ஒளி' என்று தொடங்கும் நூற்பெயர் ஒவ்வொன்றும் சிதையும். 'ஒளவை' என்ற முழுச்சொல்லைத் தேடி மாற்றுவதே தகும். அதிலும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவது இன்னும் தகும்.

பழைய எழுத்துருவில் உள்ள பட்டியல்களை ஒருங்குறிக்கு மாற்றுவோர்க்கும் ஒரு சொல். மாற்றும் நிரல்கள் தமிழை நன்றாகவே மாற்றுகின்றன. ஆனால் பட்டியலில் இடையிடையே ஆங்கில நூல்கள் இருக்கும். உள்ளே இரண்டும் ஆங்கில எழுத்துகளே என்பதால், நிரல் ஆங்கிலத் தலைப்புகளையும் தமிழாக்கிப் பொருளற்ற எழுத்துக் குவியலைத் தரும். எழுத்துருவின் பெயரால் தேடும் வசதி சொற்செயலியில் உண்டு. அதைக் கொண்டு ஆங்கிலப் பதிவுகளை முதலில் பிரித்தெடுத்து வேறு கோப்பில் வைக்கலாம்.

நூற்பெயரைச் சாய்வெழுத்தில் இடுக என்னும் மேலைநாட்டு விதி தமிழுக்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. சாய்த்த தமிழெழுத்து விழப்போவது போல் நிற்கிறது. தடித்த எழுத்தோ ஒற்றை மேற்கோளோ போதும். எதைக் கொண்டாலும் முதற் பதிவு முதல் முடிவு வரை அதையே கொள்க.

ஓர் ஆசிரியரின் நூல்கள் பல இருப்பின் ஆண்டு முறையில் நிற்க வேண்டும். இதற்குப் பட்டியலை முதலிலேயே அட்டவணையாக அமைப்பது நல்லது. ஆசிரியர், நூல், பதிப்பகம், ஊர், ஆண்டு என ஐந்து பத்திகள். முதலாவது ஆசிரியரால், அடுத்து ஆண்டால் என்று இரு நிலைகளில் வரிசைப்படுத்திய பின்னர் அட்டவணையை உரையாக மாற்றிக்கொள்ளலாம். இவ்விடத்தில்தான் கவிஞர்களின் உதவி ஆய்வாளர்க்குத் தேவைப்படுகிறது. தமிழ்ப்பற்றால் திருவள்ளுவர் ஆண்டை மட்டும் அச்சிட்ட நூல்கள் பல. 1972இல் வெளிவந்த நூலில் 2003 என்று இருக்கும். கணிப்பொறி அதை 1999க்குப் பின்னே கொண்டு வைக்கும். முப்பத்தொன்றைக் கழிக்க வேண்டும் என்று அது அறியாது. ஆண்டே அச்சிடாத கவிதைத் தொகுதிகள் இன்னும் பல. ஆண்டுக் கட்டம் வெறுமையாக இருந்தால் கணிப்பொறி அப்பதிவை முதலில் நிறுத்தும். கவிஞரின் இறுதித் தொகுதி அவருடைய முதல் தொகுதிக்கும் முன்னே போய்விடும். இவ்வட்டத்தார் பத்தாண்டுகளில் வெளியிட்ட சிறு வெளியீடுகளில் ஆண்டு விடுபட்டவை இருப்பின், வெளியிட்டவர் நினைவில் அது இருக்கும்போதே, தத்தம் படியின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து நூலகத்துக்குத் தந்துவிடுக.